எஸ்தர் சிஸ்டரும் பழஞ்சேலைக் காரும்

மருந்து அறையில் இருமல் மருந்து அளந்துகொண்டிருந்தேன். காலை ஒன்பது மணி இருக்கும். கோயிலில் மணியடிக்கும் ஆசீர்வாதம் வாசலில் வந்து நின்றார். வழக்கமாக நேராக உள்ளே வந்து முக்காலியில் உட்காருகிறவர், அன்று வாசற்படியைத் தாண்டவில்லை.

"எஸ்தர் சிஸ்டர் பூட்டாங்க சார். காப்பி போட்டு வச்சிட்டு நாற்காலில உக்காந்தவங்க, அப்டியே சாஞ்சிட்டாங்க" என்றார்.

அளவுக் குவளையில் இருந்ததைச் சீசாவில் திருப்பி ஊற்றி மூடினேன். மருந்தை வீணாக்கினால் சிஸ்டருக்குப் பிடிக்காது. அதற்குப் பிறகுதான் எனக்கு உட்காரத் தோன்றியது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புதுவாயல் கூட்ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்த நர்ஸ் அவர். திருப்பாச்சூர் பக்கத்தில், அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவர். குள்ளமானவர். நடை மட்டும் நெட்டையான ஆளின் நடை. எதிரே வருகிறவர் டாக்டரானாலும் தாசில்தாரானாலும் அவருக்கு ஒரே குரல்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "நேரம் கெடைக்கல" என்று ஒரே பதில் வைத்திருந்தார். நான் அந்த ஆஸ்பத்திரியின் கம்பவுண்டர். டிரைவர் வேலையும் என் தலையில்தான். ஆகவே அவரோடு அதிக தூரம் பயணம் செய்த மனிதன் நான் என்று தைரியமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லாமல் சிஸ்டரைப் பற்றிச் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியை நடத்திய வெள்ளைக்கார டாக்டர் ஊர் திரும்பியபோது விட்டுப்போன கறுப்புக் கார் அது. எஞ்சின் தங்கம். அவர் போன பிறகு பின் சீட்டைக் கழற்றிக் கிடங்கில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் பலகை அடித்தார்கள். ஆஸ்பத்திரியில் இறந்தவர்களை அவரவர் ஊரில் கொண்டுபோய் விட வேறு வண்டி இல்லை. மூன்று வருடம் அந்த வேலைக்கு அதை ஓட்டியவன் நான்தான். பழவேற்காடு ஏரியோரக் குப்பங்களில் அதன் ஹாரன் சத்தம் கேட்டால் நாய்கூட வீட்டுக்குள் போய்விடும்.

அறுபதுகளின் பின்பாதி அது. ஒரு நாள் காலையில் குப்பத்திலிருந்து ஒருவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். அஞ்சலை என்ற பெண்ணுக்கு முதல் நாளிலிருந்து வலி. சிஸ்டரும் நானும் அந்தக் காரில் போனோம். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்த சிஸ்டர், குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். அஞ்சலையின் மாமியார் முனியம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"இந்த வண்டிலதான் எங்க மாமனக் கொணாந்து எறக்கினாங்க. அதே பலகைல என் மருமவளப் படுக்க வைக்கவா? மாட்டேன். உசுரே போனாலும் ஏத்தமாட்டேன்."

சிஸ்டர் கெஞ்சினார். சிஸ்டர் கெஞ்சியதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். கடைசியில் மாட்டு வண்டி கட்டினார்கள். மணலிலும் மேட்டிலும் அது ஆஸ்பத்திரி வந்து சேர நண்பகல் தாண்டிவிட்டது. நான் வெறும் காரை அதன் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தேன். அஞ்சலை பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் சிஸ்டர் வந்து காரின் நான்கு கதவுகளையும் திறந்து வைத்தார். "நாமளே இதுல ஏறுவமா சார்? ஒரு தடவ உள்ளப் பாருங்க" என்றார்.

மூன்று வருடமாக முன்னால் மட்டுமே பார்த்து ஓட்டியவன், அன்றுதான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். கூரைத் துணி தொப்பை விட்டுத் தொங்கியது. கதவுகளின் உட்புறத்து ரெக்சின், வெயில் பட்ட பக்கம் சாம்பல் நிறத்துக்கு வெளுத்து, விரல் வைத்தால் பொடியாக ஒட்டியது. வெயில் படாத ஓரத்தில் மட்டும் அது ஒரு காலத்தில் நல்ல காப்பிக்கொட்டை நிறம் என்று தெரிந்தது. கதவு அட்டைகள் மழையில் ஊறி முறுக்கிக்கொண்டிருந்தன. வாடையைப் பற்றி எழுதவேண்டாம்.

மெட்ராசில் இதற்கென்றே கடைகள் உண்டு என்றேன். அங்கே அனுப்ப ஆஸ்பத்திரிக்கு வக்கில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

"மனுசன் தோலையே தைக்கிறோம். ரெக்சினத் தைக்க முடியாதா?" என்றார் சிஸ்டர்.

இப்படித்தான் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்த கையோடு, ஆஸ்பத்திரியின் வேப்பமரத்தடியில் எங்கள் வேலை தொடங்கியது. முதல் நாளே நான் ஒரு கதவுக் கைப்பிடியை உடைத்தேன். அது எப்படிக் கழலும் என்று தெரியாமல் ஸ்பானரைப் போட்டு முறுக்கிவிட்டேன். சிஸ்டர் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியின் அடியில் விரலால் தடவினார். வயிற்றைத் தடவிக் குழந்தையின் தலை எங்கே என்று பார்க்கிற அதே முகம். "தோ, உள்ள ஒரு ஆணி ஒளிஞ்சிகினு கீது" என்று சொல்லி, ஒரு மெல்லிய கம்பியால் அதைத் தள்ளினார். கைப்பிடி கையோடு வந்தது. மற்ற மூன்றும் உடையாமல் கழன்றன. உடைந்த அந்த ஒன்றைச் சொல்லிக்காட்டாத வாரம் இல்லை.

முறுக்கிய அட்டைகளை நனைத்து, மருந்துப் பெட்டிகளை மேலே அடுக்கி நிமிர்த்தினோம். ரெக்சினை வெந்நீரும் சோப்பும் தொட்டுத் துடைத்தார். காயவைக்க நான் வெயிலுக்கு எடுத்துப் போனபோது, "வெயில்லதான சார் இந்தக் கதிக்கு வந்திச்சி" என்று பிடுங்கி நிழலில் வைத்தார். கிடங்கிலிருந்து பின் சீட்டை எடுத்தால் அதற்குள் எலிக் குடும்பம் ஒன்று. குஞ்சுகளைச் சிஸ்டர் கொல்லவிடவில்லை. கூட்டோடு தூக்கி வேலியோரம் வைத்துவிட்டு வந்தார். பழைய தேங்காய் நாரை உதறி, புது நார் திணித்து, சீட்டைத் தைத்தார். தைத்தது எதைக் கொண்டு என்று நினைக்கிறீர்கள்? பிரசவ அறையில் முனை மழுங்கியதால் ஒதுக்கி, கல்லில் தீட்டியெடுத்த, பிறை போல் வளைந்த ஊசிகள். சீட்டின் மூலைகளில் நேர் ஊசி நுழையாத இடத்திலெல்லாம் அவை சுலபமாகப் புகுந்து வெளியே வந்தன. ஒவ்வொரு தையலுக்கும் தனித்தனி முடிச்சு. "ஒண்ணு அறுந்தாலும் மத்தது புடிச்சிக்கும்" என்பார். அந்தத் தையல் இன்றுவரை விடவில்லை.

எல்லாம் சரியாகவே நடந்தது என்று எழுதினால் அவரே மேலிருந்து சிரிப்பார். வெளுத்த ரெக்சினுக்குப் பழைய நிறம் கொடுக்க அவர் கண்டுபிடித்த மருந்து, காலணிக்குப் போடும் பழுப்பு பாலிஷ். தேய்க்கத் தேய்க்க நிறம் எழும்பியது. எங்களுக்கு ஒரே பெருமை. அடுத்த நாள் உச்சி வெயிலில், வெள்ளைக்காரருக்குப் பின் வந்த எங்கள் பெரிய டாக்டர் வெள்ளைக் கால்சட்டையோடு ஏறி, பொன்னேரி வரை போய் இறங்கினார். இறங்கியவர் பின்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், உங்கள் காரில் பாதி என் கால்சட்டையில் வந்துவிட்டது" என்றார். அதற்குப் பிறகு எதைத் தடவுவதானாலும் சீட்டுக்கு அடியில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் தடவி, இரண்டு நாள் வெயிலில் விட்டுப் பார்த்த பிறகே மேலே தடவுவது என்று சட்டம் போட்டார். பாலிஷ் முழுவதையும் துடைத்தெடுத்தோம். கதவுகளுக்கும் கூரைக்கும் துணியே போடுவது என்று முடிவானது.

என்ன துணி? ஆஸ்பத்திரித் துணிதான். கெட்டியான வெள்ளைத் துணியைக் கொதிக்கவைத்து, கஞ்சி போட்டு, சுருக்கம் இல்லாமல் இழுத்துச் சின்ன ஆணிகளால் அறைந்தோம். கதவுகளுக்கும் வெள்ளை. சீட்டின் மேலும் வெள்ளை உறை. வேலை முடிந்து கதவைத் திறந்தபோது எனக்கே உள்ளே கால் வைக்கக் கூச்சமாக இருந்தது. இந்தப் பக்கத்தில் இதைவிடச் சுத்தமான கார் கிடையாது என்று நான் சத்தியம் செய்திருப்பேன்.

மறுநாளே குப்பத்துக்கு ஓட்டிக்கொண்டு போனோம். பனைமரத்தடியில் நிறுத்தி, சிஸ்டர் கல்யாண வீட்டு வாசலைத் திறப்பவர் போலக் கதவுகளைத் திறந்துவிட்டு நின்றார். பெண்கள் மெல்லக் கிட்டே வந்தார்கள், குனிந்து பார்த்தார்கள், ஒருவர் பின் ஒருவராகப் பின்வாங்கினார்கள். முனியம்மாதான் வாயைத் திறந்தார்.

"இன்னா சிஸ்டர், முன்ன பொணம் போற வண்டியா இருந்திச்சி. இப்ப கோடித் துணியையும் போத்தி ரெடியா வச்சிக்கினு வந்துகிறீங்க."

பிரேதத்துக்குப் போர்த்தும் வெள்ளைத் துணியைத்தான் சொன்னார். திரும்பிக் காரைப் பார்த்தேன். அவர் சொன்ன பிறகு எனக்கும் அது வேறு எதுவாகவும் தெரியவில்லை. ஒரு கோடைக் காலம் முழுக்க ஞாயிறுகளைக் கொடுத்துச் செய்த வேலை அது.

திரும்பி வரும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நன்றி கெட்ட சனங்கள் என்று ஏதேதோ பேசினேன். பாதி தூரம் வந்ததும் சிஸ்டர் சிரிக்க ஆரம்பித்தார்.

"வார்டுல வெள்ளையப் பாத்துப் பாத்து என் கண்ணு கெட்டுப்போச்சி சார். அவங்க மேல கோவம் வாணாம். பயந்துகினு கீறவகிட்ட சுத்தத்தக் காட்டி இன்னா ஆவப்போவுது?"

அடுத்த வாரம் அவர் காரை எடுக்கவில்லை. பஸ்ஸில் போய், மீதியை நடந்து, முனியம்மாவின் வீட்டில் உட்கார்ந்தார். மறுநாள் எனக்கு ஒரு வரி விடாமல் சொன்னார். "நீங்களே சொல்லுங்கம்மா, எதுல ஏறுவீங்க?" என்று கேட்டாராம். முனியம்மா வெகு நேரம் நண்டை உடைத்துக்கொண்டே இருந்துவிட்டு, கையைக் கழுவி, உள்ளே போய் ஒரு பழைய சேலையை எடுத்துவந்தாராம். தோய்த்துத் தோய்த்துப் பூவெல்லாம் அழிந்த சேலை.

"கொழந்த பொறந்தா புதுத் துணியிலயா வாங்குவோம்? பெத்துப் பொழச்சவ கட்டின பழசுலதான வாங்குவோம். இத்தக் கட்டிகினு அஞ்சி பெத்தேன். அஞ்சும் உசுரோட கீதுங்க. இத்தக் கொண்டுபோய் அந்த வண்டில போடுங்க." பிறகு முனியம்மா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாராம்: "அன்னிக்கி நான் வழி வுட்டிருந்தா ஆறாவது உசுரா ஒரு பேரப்புள்ள இருந்திருக்கும்."

சொல்லி முடித்ததும் சிஸ்டர் அந்தச் சேலையை மடித்து என் கையில் வைத்தார். 

ஒரு மாதத்துக்குள் ஏரியோரத்து ஐந்து குப்பங்களிலிருந்தும் சேலைகள் வந்தன. நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்தவர்களின் சேலைகள் மட்டும். சிஸ்டர் சிஸ்டர்தான், எல்லாவற்றையும் அண்டாவில் போட்டுக் கொதிக்கவைத்தார். இருந்த கொஞ்சநஞ்ச சாயமும் போனது. மறுபடியும் கதவு அட்டைகளைக் கழற்றி, வெள்ளையை உரித்துவிட்டு, மாம்பழ மஞ்சளும் வெங்காயச் சிவப்புமாக வெளுத்த துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்தோம். எனக்குப் பொறுக்கவில்லை. "வெளுத்துப்போச்சுன்னுதான வேலைய ஆரம்பிச்சோம்? இப்ப வெளுத்ததையே கொண்டாந்து தைக்கிறீங்களே" என்றேன்.

"புதுசா இருக்கணும்னு யாரு சார் கேட்டாங்க? பொம்பளைங்க ஏறணும். அவ்ளோதான் வேல" என்றார், வாயில் கவ்விய ஆணிகளுக்கு நடுவே.

வேலை முடிந்த அன்றே இனி இந்த வண்டியில் பிணம் ஏறக்கூடாது என்றார். பெரிய டாக்டர் தலையாட்டினார். ஆனால் சில மாதத்தில் ஒரு சோதனை வந்தது. ஆஸ்பத்திரிக்கு நிலம் கொடுத்த குடும்பத்துப் பெரியவர் எங்கள் வார்டிலேயே காலமானார். மகன்கள் காரைக் கேட்டார்கள். டாக்டரால் மறுக்க முடியவில்லை. நான் சாவியோடு போனபோது சிஸ்டர் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"டாக்டர், இன்னிக்கி இதுல ஒரு பொணம் ஏறிச்சின்னா நாளைக்கி ஒரு புள்ளத்தாச்சி ஏறமாட்டா. துணி குடுத்தவங்களுக்கு நான் வாக்கு குடுத்துகிறேன். என்ன வேலைய வுட்டு அனுப்பிட்டு அப்பறம் எடுத்துக்குங்க."

மகன்களுக்குக் கோபம். டாக்டருக்குச் சங்கடம். எனக்கோ, மனதுக்குள் கைதட்ட வேண்டும்போல இருந்தது. கடைசியில் மாட்டு வண்டிதான் போனது. அந்தக் குடும்பம் வெகு நாள் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. சிஸ்டர் அதற்காக ஒரு நாளும் வருந்தியதாகத் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு அஞ்சலைக்கு மறுபடி வலி கண்டது. நாங்கள் போய் நின்றோம். முனியம்மா இந்த முறை வாசலை அடைக்கவில்லை. ஆனால் அஞ்சலை கார்க் கதவருகே வந்து நின்றுவிட்டாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. கையை உள்ளே நீட்டிக் கூரைத் துணியைத் தொட்டுப் பார்த்தாள். "இது எங்க அத்த சேல" என்றாள். பிறகு தானாகவே ஏறிப் படுத்தாள். அன்று மாலை பெண் குழந்தை, இரண்டு உயிரும் நலம். நான் மருந்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது, சிஸ்டர் காரின் உள்ளே மண்டியிட்டுக் குப்பத்து மணலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கண்ணுல மண்ணு" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனை பேர் ஏறினார்கள் என்று நாங்கள் எண்ணவில்லை. எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைக் கொட்டகைகள் எழும்பின. குப்பத்து ஆண்கள் சிலர் வலையை விட்டு ஷிப்டுக்குப் போனார்கள். கூட்ரோட்டில் லாரிகள் பெருகின. எங்கள் கார் மட்டும் அதே வேலையைப் பார்த்தது. கூரையில் ஒரு துண்டு கிழிந்தால், சமீபத்தில் பெற்றவள் வீட்டிலிருந்து கேட்காமலே சேலை வந்துவிடும். வெளியூர்க்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, காயலான் கடைக்குத் துணி ஏற்றிப் போகிறாயா என்று என்னைக் கேட்டதுண்டு. நான் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். சிஸ்டர் ஓய்வு பெற்றுக் கூட்ரோட்டில் சின்ன வீடு எடுத்துக்கொண்ட பிறகும், மாதம் ஒருமுறை வந்து தையலை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். சேதி கிடைத்து நான் அவர் வீட்டுக்குப் போனபோது வாசல் நிறைந்திருந்தது. கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். முகம் பார்க்க அவசரமில்லை, அடக்கத்துக்கு முன் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மதியத்துக்குள் குப்பங்களே திரண்டு வந்துவிட்டன. கல்லறைத் தோட்டம் ஏரிச் சாலையில் இரண்டு மைல். முனியம்மா, இப்போது தலை முழுக்க நரைத்தவர், என் கையைப் பிடித்தார்.

"நம்ம கார்லயே இட்டுகினு போலாம் நைனா. அவங்க தச்ச வண்டி. அவங்களுக்கு இல்லாம யாருக்கு?"

சுற்றி நின்ற எல்லோரும் ஆமாம் என்றார்கள். எனக்கும் ஆசைதான். உண்மையைச் சொல்கிறேன், காரை எடுத்துவர நான் ஆஸ்பத்திரிக்கு நடந்துவிட்டேன். அங்கே ஒருவர் சைக்கிளைப் போட்டுவிட்டு மூச்சிரைக்க நின்றிருந்தார். கடைசிக் குப்பத்தில் தலைப்பிரசவம், பனிக்குடம் உடைந்துவிட்டது. நான் சிஸ்டரின் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, இறங்காமலே விஷயத்தைச் சொன்னேன். முனியம்மா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "நீ போ. சிஸ்டர நாங்க தோள்ல தூக்கிகினு போறோம்" என்றார்.

திரும்பி வரும்போது பின் சீட்டில் அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும். ஏரிச் சாலையின் வளைவில் திரும்பியதும் எதிரே ஊர்வலம். முன்னால் சிலுவை, அதற்குப் பின்னால் தோள்களில் பெட்டி. பாட்டும் அழுகையும் காதில் விழத் தொடங்கின. சாலை குறுகலானது. நான் வேகத்தைக் குறைத்தேன்.

முனியம்மா கையை உயர்த்தினார். பாட்டு நின்றது. "யாரும் அழாதீங்க. உள்ள புள்ளத்தாச்சி வர்றா" என்ற குரல் மட்டும் கேட்டது. பெட்டியைச் சுமந்தவர்கள் சாலையை விட்டுச் சரிவில் இறங்கினார்கள். பெண்கள் வரிசையாக நின்று முந்தானைகளை விரித்து, ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் பிடித்து, பெட்டிக்கும் காருக்கும் நடுவே திரை கட்டினார்கள். அத்தனை பேர் நின்ற இடத்தில் எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

"இன்னா சார் இவ்ளோ கும்பலு?" என்றாள் அந்தப் பெண், வலிக்கு நடுவே.

"ஒண்ணுமில்லம்மா. நமக்கு வழி வுட்டுகிறாங்க" என்றேன்.

திரையை ஒட்டியே மெதுவாகப் போனேன். நான்கு முழம்கூட இருக்காது. நிறுத்தி இறங்கி ஒரு நொடி முகம் பார்த்துவிட்டு வரலாம் என்று கால் பிரேக்கின் மேல் வந்தது. சிஸ்டர் அருகில் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். காலை எடுத்தேன். சூரியன் சாய்வதற்குள் ஆண் குழந்தை பிறந்தது. அதே நேரத்தில் அங்கே மண் போட்டு முடித்திருந்தார்கள்.

அவ்வளவு காலம் உடன் வேலை பார்த்தும் மண் போட வரவில்லையே என்று சிலர் என்னைக் கேட்டார்கள். அவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன், சிஸ்டர். பக்கத்தில் வந்தேன். நிறுத்தவில்லை. வண்டியில் ஆள் இருந்தது. போய் வாருங்கள்.